வயதும் வண்டியும்: டெல்டாவில் பைக் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால் எல்லா வயதும் அங்கே தெரியும். இருபது வயதுப் பையன் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் புகுந்து கேட் கம்பி வரைக்கும் வந்து, இன்ஜினை அணைக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே நிற்பான். முப்பதுகளில் இருப்பவர் டேங்க் மேல் பிள்ளையையும் பின்னால் மனைவியையும் வைத்துக்கொண்டு நிழல் தேடி ஒதுங்குவார். நாற்பதுகளில் இருப்பவர் பெரிய வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டு இறங்கி முதுகை நிமிர்த்துவார். அறுபதைத் தாண்டியவர் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டை அணைத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, சீட்டை விட்டு எழாமலே ரயில் போகும் வரை இருப்பார்.

எனக்கு இப்போது 57 வயது. பாமணியாற்றுக் கரையை ஒட்டிய ஊர். அப்பாவின் டிவிஎஸ் 50இல் ஓட்டக் கற்றுக்கொண்டு, டூ ஸ்ட்ரோக், நூறு சிசி, 350 சிசி என்று ஒவ்வொன்றாக மாறி வந்தவன். வண்டி வாங்குவதற்கு முன் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் எந்த வண்டி என்று கணக்கு ஏதாவது இருக்கிறதா?

கணக்கு என்று எதுவும் கிடையாது. 70 வயதில் ஸ்ப்ளெண்டரில் தினமும் மன்னார்குடி போய் வருகிறவரும் இருக்கிறார், 38 வயதிலேயே இடுப்பு வலியால் கியர் வண்டியை விட்டவரும் இருக்கிறார். வயதைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில், சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா. விரல் நுனி மட்டும் பட்டால் கடையில் சமாளித்துவிடலாம், ஆற்றங்கரை ரோட்டில் முடியாது. இரண்டாவது, வண்டி சாய்ந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா. டிவிஎஸ் எக்ஸ்எல் 100 தொண்ணூறு கிலோவுக்குள் இருக்கும், ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் இரண்டு நெல் மூட்டைக்கு மேல் வித்தியாசம். மூன்றாவது, வண்டி தினமும் எந்த ரோட்டில் ஓடப்போகிறது. தஞ்சாவூர் பைபாஸா, வாய்க்கால் கரையா?

இந்த மூன்றுக்கும் பதில் வயதோடு மாறிக்கொண்டே வரும். பத்து வருடம் முன்னால் நமக்குச் சரியாக இருந்த வண்டி இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பையனுக்கு 16 முடிந்துவிட்டது. எக்ஸ்எல் தானே, ஓட்டக் கொடுக்கலாமா?

கூடாது. எக்ஸ்எல்லுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நம் ஊர்ப்பக்கம் ரொம்ப நாளாக ஒரு நினைப்பு இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. 16 வயதில், பெற்றோர் சம்மதத்தோடு, 50 சிசிக்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தருவார்கள். எக்ஸ்எல் 100இன் இன்ஜின் கிட்டத்தட்ட 100 சிசி, அதற்கு 18 முடிய வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் மோட்டார் இருக்கிற சின்ன மின்சார வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான் பதில் சொல்ல வேண்டும். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. பக்கத்து வயலுக்குப் போக வண்டி கேட்கிற பையனுக்கு இந்தக் கடைசி வரியைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வான்.

சட்டத்தை விடுங்கள். 16 வயதுக் கைக்கு வண்டியைத் திருப்பத் தெரிந்துவிடும், ஆனால் எதிரே வருகிற டிராக்டர் டிப்பருக்குப் பின்னால் இன்னொரு வண்டி வருமே என்று யோசிக்கும் பழக்கம் அந்த வயதில் வந்திருக்காது.

20 வயது மகன் கேடிஎம் ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டும் என்கிறான். என்ன செய்வது?

முதலில் அந்த ஆசையைக் கேவலமாகப் பேசாதீர்கள். 1990 வாக்கில் எனக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 மேல் அதே ஆசை இருந்தது. நண்பனின் வண்டி அது. மூன்றாவது கியரில் முன்சக்கரம் லேசாவது போல ஒரு இழுப்பு, பின்னால் அந்த உலோகச் சத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரை விட்டு வெளியே போய்விட முடியும் என்று தோன்றியது அப்போதுதான்.

அந்த வருடம் தை மாதத்தில், அறுவடை நேரம், அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு வளைவில் ரோடு முழுக்க நெல் அறுத்த தாள் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் அவ்வளவாகப் பிடித்து இழுக்காது, அது அப்போது எனக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் தாளோடு தாளாக வழுக்கிப் பக்கவாட்டில் ஓடியது. எழுந்து பார்த்தால் கணுக்காலில் சதை பெயர்ந்திருக்கிறது, சைலன்சரில் சுற்றிக்கொண்ட தாள் கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை. தாள் கிடக்கிற வளைவில் அந்த வேகத்தில் போனது நான்.

ஆகவே மகனிடம் வேகத்தை மீட்டராகச் சொல்லுங்கள். 60இல் போனால் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், 40இல் போனால் 11 மீட்டர். ஆடு குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஒரு வினாடி போய்விடும். நம் ஆற்றங்கரை ரோடு பல இடங்களில் ஒரு பேருந்து அகலம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல், நடுவில் தடுப்புச் சுவரே கிடையாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருக்கிற, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற 150 சிசி போதும் என்பது என் கருத்து. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம். குனிந்து ஓட்டுகிற வண்டி நெடுஞ்சாலைக்கு அழகாக இருக்கும், வேகத்தடைக்கு வேகத்தடை குதிக்கிற நம் ஊர் ரோட்டில் ஆறு மாதத்தில் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்க ஆரம்பிக்கும். முன் பிரேக்கைப் பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரில் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. காலியான ரோட்டில், வண்டி நேராகப் போகும்போது, 30இல் இருந்து மெதுவாக அழுத்திப் பழக வேண்டும்.

மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் ஒரே வண்டியில் போகலாமா?

ஓட்டுகிறவரும் பின்னால் ஒருவரும்தான் போகலாம் என்பது சட்டம். அப்படித்தான் எல்லோரும் போகிறோமா என்றால் இல்லை, எனக்கும் அது தெரியும். ஆனாலும் பதிலை மாற்ற மாட்டேன். நாலு பேர் என்றால் பேருந்தில் போங்கள், இல்லை இரண்டு நடை அடியுங்கள்.

டேங்க் மேல் குழந்தையை உட்கார வைப்பது ரொம்ப மோசம். திடீரென்று பிரேக் பிடித்தால் அதன் நெஞ்சு ஹேண்டில் கம்பியில்தான் போய் மோதும். 4 வயதுக்குட்பட்ட குழந்தையை வண்டியில் கூட்டிப் போனால் ஓட்டுகிறவர் உடம்போடு பிணைக்கிற பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. 2023 பிப்ரவரியில் இருந்து இது விதி. 4 வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இந்த வயதில் வண்டி மாற்றினால் சீட்டின் நீளத்தையும் சாரி கார்டையும் பாருங்கள், மைலேஜ் அப்புறம். கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவையில் ஒருச்சாய்த்து உட்கார்ந்து வருகிற பெண்ணின் முந்தானையைச் சக்கரம் இழுத்துவிட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு.

45 வயதாகிறது. இளமையில் ஓட்டிய ஆர்எக்ஸ் 100ஐத் தேடி வாங்கலாமா?

வாங்கலாம், தினசரி வண்டியாக மட்டும் வேண்டாம். 1985இல் வந்த அந்த வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றுவிட்டது. இன்று கிடைப்பது எதுவானாலும் 30 வயது வண்டி. பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் இருக்கிற சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே துடைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டிரம் பிரேக், இன்றைய டிஸ்க் பிரேக் போலப் பிடிக்காது என்பதை ஓட்டும்போது மறக்காதீர்கள். 20 வயதில் அந்த வண்டியோடு இருந்த கையும் கண்ணும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்றுப் போய் வருவதற்கு அதைவிடச் சந்தோஷமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் படிப்பு முடிந்தது. இப்போதாவது புல்லட் வாங்கலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சொந்த அனுபவத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

43 வயதில் நானும் 350 சிசி வண்டி வாங்கினேன். இரண்டு வருடம் ஆசையாக ஓட்டினேன். வேளாங்கண்ணிக்கும் கல்லணைக்கும் அதில் போனது இன்னும் நினைவில் இனிக்கிறது. பெரிய ரோட்டில் அந்தக் கனம் ஒரு சுகம், எதிரே லாரி வேகமாகப் போனாலும் வண்டி ஆடாது.

ஒரு நாள் மாலை வெண்ணாற்றுக் கரையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. வழிவிட இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தி, பழக்கத்தில் இடது காலைக் கீழே விட்டேன். கால் வைக்கிற இடத்தில் தரை இல்லை. தார் முடிந்த இடத்தில் இருந்து கரை சரிந்து இறங்குகிறது, புல் மூடியிருந்ததால் தெரியவில்லை. நூறு சிசி வண்டி என்றால் தொடையால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பேன். அந்த வண்டி ஒரு விரற்கடை சாய்ந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் அது என் கையில் இல்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, என்னையும் இழுத்துக்கொண்டு சரிவில் படுத்தது. வேகமே இல்லை, அதனால் அடி பெரிதாக இல்லை, கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. கீழே நாற்று நட்டுக்கொண்டிருந்த நாலு பெண்கள் சேற்றுக் கையோடு ஏறி வந்து தூக்கினார்கள். "பாத்து ஒதுங்கக் கூடாதாண்ணே, கரை ஓரம் எங்க தரை இருக்கு?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். கரையோடு வாழ்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வண்டியை நான் ஓட்டிப் பார்த்து வாங்கியிருந்தேன், நிறுத்திப் பார்த்து வாங்கவில்லை. வயதானால் முதலில் குறைவது ஓட்டும் திறமை அல்ல, நின்ற வண்டியைத் தாங்கும் பலம்தான். அதனால் கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள்: இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். உட்கார்ந்தபடி காலால் பத்தடி பின்னால் தள்ளுங்கள். இறங்கி நின்று, கையால் தள்ளி ஒரு முழு வட்டம் திருப்புங்கள். இந்த மூன்றும் மூச்சு வாங்காமல் முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியவில்லை என்றால் 125 சிசியில் இப்போது நல்ல வண்டிகள் இருக்கின்றன.

வீடு பெரிய ரோட்டின் மேல் இருந்து, போய் வருவதும் பெரிய ரோட்டிலேயே என்றால் என் பதில் வேறு. அவர்களுக்குப் புல்லட் 60 வயதிலும் பொருந்தும்.

உடம்பில் என்னென்ன மாறுகிறது? அதற்கு ஓட்டும் முறையை எப்படி மாற்றுவது?

கண்ணில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் நாம் கடைசியாக ஒப்புக்கொள்கிறோம். 40ஐ ஒட்டிக் கிட்டப்பார்வை மங்கும், ஸ்பீடோமீட்டர் எழுத்து கலங்கும். அது பரவாயில்லை. 50க்கு மேல் இருட்டில் பார்ப்பதுதான் உண்மையான பிரச்சினை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிரே ஒருவர் ஹைபீமில் வந்து போனால், கண் பழைய நிலைக்கு வர எடுக்கும் நேரமும் கூடிவிடும். அந்தச் சில வினாடி நாம் பார்வை இல்லாமல்தான் ஓட்டுகிறோம். கண்புரை ஆரம்பித்திருந்தால் எதிர் வெளிச்சம் பூவாக விரியும். அப்படி விரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவில் நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும்போது, விளக்கு வைக்கும் நேரத்தில் வயலில் இருந்து பூச்சி கூட்டமாக வெளிச்சத்துக்கு வரும். கண்ணாடி இல்லாத அரை ஹெல்மெட்டோடு போனால் ஒரு கண் போச்சு. இரவில் கறுப்புக் கண்ணாடி வைசரும் போடாதீர்கள், தெளிவான வைசர் வேண்டும், கீறல் விழுந்ததை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது கழுத்து. திரும்பிப் பார்க்கக் கஷ்டப்படுகிறவர்கள் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணாடியும் வண்டியில் இருக்கட்டும். முட்டி வலி உள்ளவர்கள் கிக்கரை மறந்துவிட்டு செல்ஃப் உள்ள வண்டிக்கு மாறலாம். கால் தூக்கிப் போட்டு ஏற முடியாதவர்களுக்கு, முன்னால் திறந்த தளம் இருக்கிற ஸ்கூட்டரும் எக்ஸ்எல்லும்தான் வழி.

மருந்தையும் கவனியுங்கள். சளி, அரிப்புக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். ரத்த அழுத்த மாத்திரை புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு எழும்போது தலை சுற்றலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் சின்ன அடி பட்டாலும் உள்ளே ரத்தக் கசிவு ஆகும் அபாயம் அதிகம். அவர்கள் தெருமுனைக் கடைக்குப் போனாலும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு ஹெல்மெட்டைப் போட்டு, தாடைப் பட்டையை மாட்டித்தான் போக வேண்டும்.

சர்க்கரை நோய் இருக்கிறது. ஓட்டலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால் ஓட்டலாம். இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போகும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாதத்துக்கு உணர்ச்சி இல்லை என்றால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியாது, சைலன்சர் சுட்டாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறுவது நல்லது. ஷூ போட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, தாழ் சர்க்கரை. மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுக் காலைப் பலகாரத்தைத் தள்ளிப்போட்டு வயலுக்கு வண்டி எடுக்காதீர்கள். வேர்த்துப் படபடத்தால் உடனே ஓரம் கட்டுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

அப்பாவுக்கு 70 ஆகிறது. வண்டியை விடச் சொன்னால் கோபப்படுகிறார். எப்படிச் சொல்வது?

முதலில் அந்த வண்டி அவருக்கு என்ன என்று யோசியுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, வாய்க்காலில் வந்து சேர்ந்ததா என்று பார்க்க அதில்தான் போகிறார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் இருக்க, உரக்கடை, டீக்கடை, சாவு வீடு, எல்லாமே அந்த வண்டிதான். ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை பேருந்து வந்தால் அதிகம். சாவியைப் பிடுங்கினால் அவரை வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டது போலத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வண்டி நின்ற ஆறே மாதத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

ஆகவே "விட்டுவிடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அப்பா, கடைத்தெரு வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விடுங்களேன்" என்று பின்னால் ஏறி உட்காருங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பின்னால் அடிக்கிற ஹாரன் காதில் விழுகிறதா? திருப்பத்துக்கு முன் கண்ணாடியைப் பார்க்கிறாரா? இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கிறாரா? நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுவது என்று தடுமாறுகிறாரா? பழகிய வழியிலேயே எங்கே திரும்ப வேண்டும் என்று ஒரு கணம் குழம்பினால் அது கவலைப்பட வேண்டிய விஷயம், மருத்துவரிடம் பேச வேண்டும்.

மற்றபடி படிப்படியாகக் குறைக்கலாம். முதலில் இருட்டிய பின் வண்டி இல்லை. அடுத்து, பெரிய ரோடு இல்லை, ஊருக்குள்ளும் வயலுக்கும் மட்டும். பிறகு, பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றுவது இல்லை. நூறு சிசியை விற்று எக்ஸ்எல் வாங்கித் தருவதை அவமானமாக நினைக்கிறவர்கள் உண்டு. அதைத் "திரும்ப வந்த வண்டி" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் அப்பா டிவிஎஸ் 50இல் தொடங்கி, ராஜ்தூத், நூறு சிசி என்று போய், 68 வயதில் எக்ஸ்எல்லில்தான் வந்து நின்றார். எட்டு வருடம் ஓட்டினார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, தாழ்ந்த சீட், முன்னால் உரமூட்டை வைக்க இடம். பெரிய வண்டியில் போகும்போது யாரிடமும் நிற்காதவர், எக்ஸ்எல்லில் ஒவ்வொரு மதகிலும் நின்று பேசிவிட்டு வருவார்.

40க்கு மேல் லைசென்ஸ் விதிகள் என்ன?

30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30இல் இருந்து 50க்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 ஆண்டு. 50இல் இருந்து 55க்குள் என்றால் 60 வயது வரை. 55க்கு மேல் 5 ஆண்டுக்கு ஒரு முறை. 40 தாண்டியவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். காலாவதி ஆவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

பெரியவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். அப்பாவின் லைசென்ஸை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

அம்மாவுக்கு 50 வயது. இப்போது ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள முடியுமா?

கண்டிப்பாக முடியும். 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் கொடுத்த பிறகு எங்கள் பக்கம் வண்டி ஓட்டும் பெண்கள் வெளிப்படையாகவே கூடினார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுடைய அம்மாக்களும் கற்றுக்கொண்டார்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் என்றால் பாதி வேலை முடிந்தது. தெரியாதவர் என்றால் ஒரு வாரம் இன்ஜினை அணைத்து, சின்னச் சரிவில் காலால் உந்தி உருண்டு பழகட்டும். பள்ளிக்கூட மைதானம், காலை ஆறு மணி, கற்றுக்கொடுக்கிறவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. கணவர் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலும் சத்தத்தில் முடிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலு குறையும், அதனால் எடை குறைந்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், சுடிதாரோ புடவையோ காலில் தட்டாமல் இருக்கட்டும். பழகும்போது அவசரத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே பிரேக்கைப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நிற்க வேண்டும் என்றால் முதலில் வலது கையை விடு, அப்புறம் பிரேக். இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகட்டும்.

மின்சார ஸ்கூட்டர் வயதானவர்களுக்கு நல்லதா?

கிளட்ச், கியர், கிக்கர் எதுவும் இல்லை, பெட்ரோல் பங்குக்கு அலைய வேண்டாம். எனக்குப் பிடிக்கிறது. ஆனால் திருகிய உடனே பாயும், சத்தம் இல்லாததால் வண்டி உயிரோடு இருப்பதே தெரியாமல் சிலர் கைப்பிடியைத் திருகிவிடுகிறார்கள். வேகம் குறைந்த மோடில் வைத்தே கொடுங்கள். பேட்டரியால் சில வண்டிகள் நூறு சிசி பைக்கைவிடக் கனமானவை, அதையும் தள்ளிப் பார்த்து வாங்குங்கள்.

அறுவடை, மழைக் காலத்தில் வயதானவர்கள் எப்படி ஓட்ட வேண்டும்?

இது எல்லா வயதுக்கும் பொதுதான், ஆனால் 55க்கு மேல் விழுந்தால் எழுவது கஷ்டம் என்பதால் இன்னும் நிதானம் வேண்டும். ஆடி, ஆவணியில் இருந்தே கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வயலில் இருந்து ஏறும் இடங்களில் களிமண் கட்டி கட்டியாகத் தாரில் விழுந்து கிடக்கும். காய்ந்திருந்தால் தூக்கிப் போடும். தூறல் விழுந்துவிட்டால் சோப்பு மாதிரி. பெருமழையைவிட முதல் பத்து நிமிடத் தூறல்தான் ஆபத்து. அந்த இடத்தில் பிரேக்கே பிடிக்கக் கூடாது. முன்னமே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடக்க வேண்டும்.

தை, மாசியில் ரோட்டில் நெல் காயும், அப்புறம் உளுந்துச் செடியும் பயறுச் செடியும் வண்டி ஏறட்டும் என்று பரப்புவார்கள். உருண்டை உளுந்து மேல் சக்கரம் ஏறினால் கோலிக்குண்டு மேல் நடப்பது போலத்தான். பரப்புகிறவர்களுக்கும் வேறு களம் இல்லை, அவர்களோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், நாலு அடிதான். அறுத்த வயலில் மேய விட்ட வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள். நூறு, இருநூறு வாத்து ஒரே வரிசையாகக் கடக்கும்.

வெள்ளம் ரோட்டின் மேல் ஓடினால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று தோன்றும். அடியில் ரோடு இருக்கிறதா, இல்லை மதகு ஓரம் அரித்துப் போய்விட்டதா என்று மேலே இருந்து தெரியாது.

நீங்கள் இப்போது என்ன ஓட்டுகிறீர்கள்?

ஒரு நூறு சிசி பைக், ஒரு எக்ஸ்எல். மன்னார்குடிக்கு மேல் போவதென்றால் பைக். வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் எக்ஸ்எல். ஏழு மணிக்கு மேல் இரண்டையும் எடுப்பதில்லை, அவசரம் என்றால் மகன் ஓட்டுவான், நான் பின்னால் உட்காருவேன். அந்த 350ஐ ஒரு நண்பரின் மகனுக்கு விற்றுவிட்டேன், அவன் வீடு தஞ்சாவூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. எங்கள் தெருவைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவான்.